மாமனாரின் கொம்பு

ஒரு விரல் நீளக் கொம்பை வைத்து ஒன்றரை மைல் தூரத்துக்குத் தண்ணீரை மலையேற்றிய ஊர் உலகத்தில், லாகூருக்கு வடக்கே பனிமலைகளுக்குள் இருக்கும் எங்கள் கர்சான் ஒன்றுதான். சீனாக்காரன் இந்த மலைகளைக் குடைந்து சாலை போட்டான், அமெரிக்காக்காரன் நிலாவுக்குப் போய்க் கொடி நட்டான். இப்படியொரு வேலையை அவர்களால் செய்ய முடிந்ததா? சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். தண்ணீர் மலையேறவில்லை, எல்லா ஊரிலும் போல மேலேயிருந்து கீழேதான் வருகிறது. ஒன்றரை மைலும் இல்லை, முக்கால் மைல் இருந்தால் அதிகம். ஆனால் கொம்பு ஒரு விரல் நீளம்தான். அதில் ஒரு நூலளவுகூட நான் கூட்டவில்லை.

அந்தக் கொம்பைக் கண்டெடுத்தவன் தவலுத் ஷா. மேல் கர்சானின் ஏழு வீடுகளில் கடைசி வீட்டுக்காரன். ஐம்பத்திரண்டு வயது, பாப்ளார் மரம் போல நெடுநெடுவென்று இருப்பான். தொலைநோக்கியை ஒரே தோளில் சுமந்து சுமந்து அந்தத் தோள் மட்டும் இறங்கிப்போய், நிற்கும்போதெல்லாம் யாருக்கோ காது கொடுப்பதுபோலத் தெரிவான். இளவயதில் அவனைப் போலத் திருட்டுத்தனமாக மலையாடு சுட்டவன் கிடையாது. ஊர் கூடி எல்லாருடைய துப்பாக்கிகளையும் வாங்கிக் கட்டிவைத்த வருஷம், காவலுக்கு யார் என்று பேச்சு வந்தபோது அத்தனை பேரும் அவனைத்தான் பார்த்தார்கள். ஆடு எந்தப் பொந்தில் படுக்கும் என்று ஆட்டுக்கு அடுத்தபடி அவனுக்குத்தானே தெரியும்?

அன்றிலிருந்து ஊர் ஏற்பாடு இதுதான். நாங்கள் யாரும் சுடக் கூடாது. குளிர்காலத்தில், வயதான கிடா ஒன்றே ஒன்றை மட்டும், வெளிநாட்டிலிருந்து வரும் வேட்டைக்காரர் ஒருவர் சுட்டுக்கொள்ளலாம். அவர் கட்டும் தொகையில் பெரும்பங்கு ஊருக்கு வரும். பள்ளிக்கூடத்துக் கூரை ஒரு கிடா. ஆற்றுப் பாலம் இன்னொரு கிடா. மேல் கர்சானுக்கு வரவேண்டிய தண்ணீர்க் குழாய் மட்டும் எந்தக் கிடாவின் தலையிலும் எழுதப்படாமலே இருந்தது. ஒரு வருஷம் வந்த வேட்டைக்காரர் ஜீப்பில் உட்கார்ந்தபடியே மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே வண்டியைத் திருப்பச் சொன்னார். அடுத்த வருஷம் வேட்டைக்காரர் திடமாக இருந்தார், வயதான கிடாதான் ஒன்றும் அகப்படவில்லை.

அந்த இரண்டாவது குளிர்காலத்தில்தான் தவலுத்தின் மனைவி குல்சின், பள்ளத்து ஓடையிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு ஏறி வரும்போது பனியில் சறுக்கி விழுந்தாள். எழுந்து வீட்டுக்கு வந்து, நல்ல கெட்டிலையும் வெண்ணெய் கடையும் மத்தையும் எடுத்துக் கட்டினாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றான் தவலுத்.

"எங்க அக்கா வீட்டுக்கு. கீழ் கர்சான்ல வாசல்லயே குழாய் இருக்கு. மூணு வருஷமா சொல்றீங்க, அடுத்த வருஷம் குழாய், அடுத்த வருஷம் குழாய்னு. என் முட்டிக்கு இனிமே அடுத்த வருஷம் கிடையாது. குழாய் வரட்டும், நானும் வர்றேன்."

"கெட்டிலையாவது வெச்சிட்டுப் போயேன்."

"தண்ணி இல்லாத வீட்டுக்குக் கெட்டில் எதுக்கு?"

போய்விட்டாள். அன்றிலிருந்து தவலுத் கருகிய ரொட்டியும் காய்ந்த தயிர்க்கட்டியும் தின்றான். தினம் காலையில் தொலைநோக்கியை ஒரு தடவை கீழ்நோக்கித் திருப்பி, அக்கா வீட்டு வாசலில் குல்சின் குழாயடியில் பாத்திரம் கழுவுவதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஆடு எண்ணப் போவான்.

அந்த இலையுதிர் காலத்து எண்ணிக்கையில் அவனுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. கொம்பில் பதின்மூன்று வளையம் உள்ள ஒரு கிடா. அத்தனை வயதான கிடாவை அவன் பார்த்ததே இல்லை. பின்னங்கால் நொண்டி, நெஞ்சுவரை தாடி. அது தொலைநோக்கிக்கு நேராக அவனை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டது. பெண் கேட்டுப் போன அன்று குல்சினின் அப்பா அவனைப் பார்த்த அதே பார்வை. அதே தாடி. 'இவனுக்கா என் பெண்ணைக் கொடுப்பது' என்கிற அதே முதுகு.

அன்றிலிருந்து அந்தக் கிடாவின் பெயர் மாமனார்.

செய்தியைக் கேட்ட ஊர்க் கமிட்டித் தலைவர் நியத் கரீம் தொப்பியைக் கழற்றி உள்ளேயிருந்து விதிமுறைக் காகிதத்தை எடுத்தார். பட்டாளத்தில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். முக்கியமான காகிதமெல்லாம் தொப்பிக்குள்தான் இருக்கும்.

"டென்மார்க்லேர்ந்து ஒருத்தர் ஜனவரி கடைசியில வர்றார். எழுபத்தொரு வயசு, மெத்தை ஆலை வெச்சிருந்தவராம். வந்து சுட்டுட்டா குழாய் உங்க தெருவுக்குத்தான். கிடா எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா தும்முது. பல்லு தேஞ்சிருக்கு. பனி விழுந்தா தாங்குமான்னு தெரியல."

"தாங்கணும். தானா செத்துப்போனா பத்துப் பைசா வராது. சுடற வரைக்கும் அது சாகக் கூடாது, புரியுதா? உன் பொறுப்பு."

கொலைக்குப் போகிற கிடாவுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்த காவலன் இந்தப் பள்ளத்தாக்கிலேயே தவலுத் ஒருவன்தான். முதலில் ஆடுகள் நக்க வரும் உப்புப் பாறையருகே காய்ந்த குதிரைமசால் தீவனத்தைப் போட்டுவிட்டுத் தூரப் போய் நின்றான். அப்புறம் வாதுமைப் பழக்கொட்டையை இடித்துப் பிண்ணாக்காக உருட்டி வைத்தான். தும்மலுக்கு மலை மூலிகை போட்ட வெந்நீர், அதுவும் அலுமினியத் தட்டில். தட்டைக் கல்லால் டங்டங்கென்று தட்டுவான். மாமனார் நொண்டி நொண்டி வந்து குடித்துவிட்டுத் தாடியைத் துடைக்காமல் நிற்கும். டிசம்பரில், அவன் மேலங்கிப் பையில் காய்ந்த முசுக்கொட்டைப் பழம் இருப்பதை அது கண்டுபிடித்தது. அதன் பிறகு தட்டுகூடத் தேவைப்படவில்லை.

இந்தச் சமயத்தில்தான் லாகூரிலிருந்து மெஹ்ரீன் வந்தாள். இருபத்தாறு வயது, தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கம்பளிக் குல்லாய், தோளில் கேமரா. வேட்டைக்கு எதிராகப் படமெடுக்க வந்தவள், தங்கியது குல்சினின் அக்கா வீட்டில். முதல் நாளே உப்புப் பாறைக்கு ஏறி வந்து, கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்த தவலுத்தைப் பார்த்து அசந்துபோனாள். சித்தப்பா முறை வைத்து 'சாச்சா' என்றே அவனைக் கூப்பிட்டாள்.

"சாச்சா, இந்தக் கிடாவையா சுடப் போறீங்க?"

"நான் சுடமாட்டேம்மா. ஒரு டென்மார்க்காரர் சுடுவார்."

"அப்போ எதுக்கு மருந்து குடுக்கறீங்க?"

"அவர் வர்ற வரைக்கும் இது நல்லா இருக்க வேணாமா?"

அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். மூடிக்கொண்டாள். கேமராவைத் திறந்தாள், அதையும் மூடிக்கொண்டாள்.

மறுநாள் அவளும் ஒரு பை நிறையக் கேரட் கொண்டுவந்தாள். "இது பிழைச்சிருந்தாத்தான் நான் இதுக்காகப் போராட முடியும்," என்றாள். ஆக, சுடுவதற்காக ஒருவனும் சுடாமல் தடுப்பதற்காக ஒருத்தியும் ஒரே தட்டில் தீனி வைத்தார்கள். மாமனார் இரண்டு கட்சியிலும் சாப்பிட்டது.

தீனி வைத்துக்கொண்டே சண்டை போடுவார்கள்.

"ஒரு உசிரை விலை பேசி விக்கறது அசிங்கமா இல்ல சாச்சா?"

"நான் சும்மாவே சுட்டுத் தின்னவன்மா. அப்போ இந்த மலையில மொத்தம் பதினோரு ஆடு. இப்போ எண்ணி முடிக்க ரெண்டு நாளாகுது. வருஷம் ஒரு கெழட்டுக் கிடா போகுது, மிச்சமெல்லாம் நிம்மதியா மேயுது."

"சரி. நாளைக்குக் காசு குடுக்கறவன் வரமாட்டேன்னுட்டா? அப்பவும் காவல் காப்பீங்களா, இல்ல மறுபடி துப்பாக்கிய அவுப்பீங்களா?"

காசு வராத அந்த இரண்டு குளிர்காலமும் தவலுத் மலையேறிக்கொண்டுதான் இருந்தான். ஏன் என்று அவனை யாரும் கேட்டதில்லை. "கேரட்ட சின்னதா நறுக்கும்மா, அதுக்குப் பல்லு இல்ல," என்று பேச்சை மாற்றினான்.

ஜனவரி கடைசியில் டென்மார்க்காரர் ஓலுஃப் வந்து சேர்ந்தார். அவர் ஜீப் தாண்டிய மறுநாளே பின்னால் பனிச்சரிவு விழுந்து சாலை அடைபட்டது. வனவிலங்கு இலாகாவிலிருந்து வரவேண்டிய அலுவலரும், ஆங்கிலம் பேசக்கூடிய எங்கள் பள்ளிக்கூட வாத்தியாரும் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் படிப்பென்றும் வேலையென்றும் வெளியூரில். எஞ்சியிருந்தவர்களின் ஆங்கிலம் தேநீர் வேண்டுமா என்று கேட்பதோடு முடிந்துவிடும். கடைசியில் வேட்டைக்காரருக்கு மொழிபெயர்க்க, வேட்டையை எதிர்க்க வந்த மெஹ்ரீனை விட்டால் ஆளில்லை.

ஓலுஃப் நல்ல மனிதர். எங்கள் பாயில் ஒரு ராத்திரி படுத்துவிட்டு, காலையில் அதைக் கையால் அமுக்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். முட்டிவலியோடு மலையேறினார். உப்புப் பாறைக்கு மேலே ஒரு மறைவில் அவர் குப்புறப் படுத்துத் துப்பாக்கியை நீட்ட, பக்கத்தில் தவலுத், பின்னால் நியத் கரீம், அதற்கும் பின்னால் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு மெஹ்ரீன்.

மாமனார் தூரத்தில் தலையைத் தூக்கியது. தவலுத்தைக் கண்டது. நேராக நடந்து வந்தது. துப்பாக்கிக் குழாயைச் சுற்றிக்கொண்டு, ஓலுஃபின் காலைப் பதவிசாகத் தாண்டி, தவலுத்தின் மேலங்கிப் பைக்குள் மூக்கை நுழைத்தது.

"சாஹிப், ஜாக்கிரதை! பயங்கரமான மிருகம்!" என்றான் தவலுத்.

மாமனார் பைக்குள்ளேயே தும்மியது.

ஓலுஃப் எழுந்து உட்கார்ந்தார். மெஹ்ரீன் உற்சாகமாக மொழிபெயர்த்தாள்: "இது உங்க வீட்டு ஆடுன்னு சொல்றார்."

"இல்லவே இல்ல! சுத்தமான காட்டு ஆடு!"

"காட்டு ஆடு உங்க பாக்கெட்டுல என்ன தேடுதுன்னு கேக்கறார்."

தவலுத் யோசித்தான். "வழி தவறிருச்சுன்னு சொல்லும்மா."

ஓலுஃப் தன் பக்கத்து நியாயத்தைப் பொறுமையாக விளக்கினார். அவர் சுடுவது காட்டு மிருகத்தை மட்டும்தான். அது அவரை எதிரியாகப் பார்க்க வேண்டும், தப்பிக்க அதற்கு ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும். ஒருவர் பாக்கெட்டில் தின்றுகொண்டிருப்பதைச் சுடுவது வேட்டையாகாது, கசாப்பு. சாலை திறக்க நான்கு நாளாகும். அதற்குள் இது காட்டு மிருகமானால் சரி, இல்லாவிட்டால் அவர் கிளம்பிவிடுவார்.

நியத் கரீம் தவலுத்தைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "ஆட்டைக் காப்பாத்துடான்னா தத்தெடுத்து வெச்சிருக்கியே! உனக்குக் குழாய் வேணுமா வேணாமா?"

"வேணும் அண்ணே." குழாயடியில் பாத்திரம் கழுவுகிற குல்சின் கண்ணுக்குள் வந்து போனாள். "ரொம்ப வேணும்."

"அப்போ அதுக்குப் பயம் காட்டு."

முதல் நாள் தவலுத்தும் தலைவரும் தகரத்தையும் தட்டையும் அடித்துக்கொண்டு கத்தினார்கள். டங்டங் சத்தம் கேட்டதும் சாப்பாடு என்று நினைத்து மாமனார் ஓட்டமாக வந்தது. கூடவே, இதுவரை வராத நான்கு பெட்டை ஆடுகளையும் அழைத்து வந்தது. இரண்டாம் நாள் தவலுத் யாக் மாட்டுத் தோலைப் போர்த்திக்கொண்டு உறுமியபடி தவழ்ந்து போனான். மாமனார் முகர்ந்து பார்த்துவிட்டு, செல்லமாக ஒரு முட்டு முட்டியது. அவன் யாக் தோலோடு ஓடைவரை உருண்டான். மூன்றாம் நாள் நியத் கரீம் பட்டாளத்து அணிவகுப்புப் பாட்டை அடித்தொண்டையில் பாடினார். மாமனார் முழங்காலை மடித்துப் படுத்து அசைபோடத் தொடங்கியது. ஓலுஃபும் ஒரு பாறையில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தார்.

மெஹ்ரீனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா வீட்டுக்குத் திரும்பியதும் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினாள். சிரித்த வேகத்தில், "சாச்சா அதுக்கு வெச்சிருக்கற பேரே மாமனார்," என்பதையும் சொல்லிவிட்டாள்.

ரொட்டி தட்டிக்கொண்டிருந்த குல்சினின் கை நின்றது.

நான்காம் நாள் காலை. பத்து மாதமாக ஒரு படி ஏற முடியாது என்று முட்டியைக் காட்டிக்கொண்டிருந்தவள், கீழ் கர்சானிலிருந்து உப்புப் பாறைவரை மூச்சு வாங்காமல் ஏறி வந்தாள். கையில் ரொட்டி திருப்பும் இரும்பு. தவலுத் அப்போது மாமனாரைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தான்.

"எங்கப்பா பேரையா ஆட்டுக்கு வெச்சீங்க?"

"பேர வெக்கல குல்சின், முறையைத்தான் வெச்சேன்!"

"எங்கப்பா செத்து ஒம்பது வருஷம் ஆச்சு. இருந்த நாள்ல அவருக்கு ஒரு வாய் தேத்தண்ணி உங்க கையால ஊத்தியிருப்பீங்களா? ஆட்டுக்கு மட்டும் கஷாயமா? முசுக்கொட்டையா? அதுவும் நான் காயவெச்ச முசுக்கொட்டையா?"

குனிந்து ஒரு கல்லை எடுத்து ஆட்டை நோக்கி வீசினாள்.

மாமனார் அவளைப் பார்த்தது. அதன் பதின்மூன்று வருஷ வாழ்க்கையில் ஓநாயைப் பார்த்திருக்கிறது, பனிச்சிறுத்தையைப் பார்த்திருக்கிறது, தவலுத்தின் பழைய துப்பாக்கியையும் பார்த்திருக்கும். அப்போதெல்லாம் ஓடாத ஓட்டம் ஓடியது. நொண்டிக்கால் எங்கே போனதென்றே தெரியவில்லை. பாறை இடுக்குக்குள் புகுந்து, மேல் விளிம்பில் ஒரே தாவாகத் தாவி ஏறி, இருநூறு கஜத்துக்கு அப்பால் வானத்தின் விளிம்பில் நின்று திரும்பிப் பார்த்தது. மூக்கில் ஆவி பறந்தது. எந்த நிமிஷமும் பாயத் தயாராக உடம்பு முறுக்கி நின்றது.

ஓலுஃப் ஏதோ முணுமுணுத்தார். இந்தத் தடவை மெஹ்ரீன் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்கத் தேவையும் இருக்கவில்லை. அவர் மெதுவாகக் குப்புறப் படுத்தார்.

மெஹ்ரீன் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நியத் கரீம் தொப்பியைக் காதுவரைக்கும், காதோடு சேர்த்துக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். தவலுத்தின் கழுத்தில் தொலைநோக்கி தொங்கியது. இருபது வருஷமாக இந்த மலையில் நடந்த எதையும் பார்க்காமல் விட்டதில்லை அவன். வாய் குழாய், குழாய் என்று முனகியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

துப்பாக்கி வெடித்தது. மலைகள் அதை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி நான்கு தடவை சொல்லி முடித்தன.

கண்ணைத் திறந்தபோது விளிம்பில் ஒன்றும் இல்லை. தவலுத் ஓடினான். இடுக்கிலும் விளிம்பிலும் ஒவ்வொரு அடியாகத் தேடினான். ரத்தம் ஒரு சொட்டு இல்லை. குளம்படிகள் சீராக, நீளமாக, அடுத்த முகட்டைத் தாண்டிப் போயிருந்தன. இடுக்கின் வாயில், பனியில், விரல் நீளத்துக்கு ஒரு கொம்பு நுனி கிடந்தது.

அவன் அதைக் கொண்டுவந்து நீட்டியதும் ஓலுஃப் கைகளில் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கொம்பின் நுனியைச் சுட்டு எடுத்திருக்கிறேனா, இந்த வயதில், இந்தத் தூரத்தில்! ஆனால் உடனே முகம் வாடியது. நேர்மையான மனிதர். மிருகம் கிடைக்கவில்லையே, வேட்டை முடிந்ததாக எப்படிச் சொல்வது?

நியத் கரீம் தொப்பியைக் கழற்றினார். காகிதத்தை விரித்தார். "கிடா காயப்பட்டுத் தப்பினாலும் வேட்டை முடிந்ததாகவே கொள்ளப்படும். இதோ போட்டிருக்கு. இது காயம்."

"கொம்பு நகம் மாதிரின்னு சொல்றார். நகம் உடைஞ்சா காயமான்னு கேக்கறார்," என்றாள் மெஹ்ரீன். சொல்லிவிட்டுத் துப்பாக்கியைப் பார்த்தாள். நாளைக் காலை சாலை திறந்துவிடும், ஆனால் இன்னும் பகல் பாக்கி இருக்கிறது, துப்பாக்கியில் குண்டும் பாக்கி இருக்கிறது என்பது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். ஓலுஃபின் பக்கம் திரும்பினாள். ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தாள். கை ஆடியது, குரல் உடைந்தது, கண்ணில் நீர் வந்தது.

"என்னம்மா சொன்ன?" என்றான் தவலுத்.

"கிடாவுக்குக் கொம்புதான் மானம்னு சொன்னேன். இனிமே எந்தப் பெட்டையும் அத மதிக்காது, மந்தையில தலை காட்ட முடியாது, சாகற வரைக்கும் இந்த அவமானத்தோட வாழணும், இத விடப் பெரிய காயம் உண்டான்னு கேட்டேன்."

"அந்தக் கிடாவ எந்தப் பெட்டையும் மதிச்சு அஞ்சு வருஷம் ஆச்சேம்மா."

"நீங்க சும்மா இருங்க சாச்சா."

ஓலுஃப் தொப்பியைக் கழற்றிவிட்டு, முகடு இருந்த திசையைப் பார்த்துச் சற்று நேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு கையெழுத்துப் போட்டார். இலாகா அலுவலர் இல்லாததால் சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டியிருந்தது. 'வேட்டை முறைப்படி நிறைவேறியது' என்ற வரிக்குக் கீழே, வேட்டையை ஒழிக்க லாகூரிலிருந்து வந்த மெஹ்ரீன் அழகான கையெழுத்தில் தன் பெயரை எழுதினாள்.

ஜூன் மாதம் மேல் கர்சானுக்குக் குழாய் வந்தது. கடைசிக் குழாய் தவலுத்தின் வாசலில். அது முதன்முதலாகத் தண்ணீரைத் துப்பி அரைமணி ஆவதற்குள் குல்சின் கெட்டிலோடும் மத்தோடும் வந்து இறங்கினாள். ஓலுஃபிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது: கதவளவு தேக்குப் பலகை, அதன் நட்டநடுவில் விரலளவு கொம்பு, பக்கத்தில் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. மெஹ்ரீனின் படத்துக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. தன் கையெழுத்து இருக்கிற காட்சியை எங்கே வெட்டுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாளாம். மாமனார் இன்னும் ஒரு குளிர்காலம் இருந்தது. ஒரு கொம்பு குட்டையாக, குழாயடி ஒழுகலுக்கு அவ்வப்போது இறங்கி வரும். குல்சின் கதவைத் திறந்தால் ஓடிவிடும். பிறகு ஒரு வசந்தத்தில் வரவில்லை. தவலுத் போய்த் தேடிப் பார்த்துவிட்டு வந்து, அலுமினியத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். இப்போதும் தினம் மலையேறுகிறான். அந்தக் குண்டைப் பற்றி யார் கேட்டாலும், உயிரை விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் எடுத்துப் போகும்படி ஆண்டவன் அதற்கு வழிகாட்டினான் என்பான்.

இவ்வளவையும் எழுதி, இன்று அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து படித்துக் காட்டினேன். தவலுத் ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினான். வாசலில் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த குல்சின் குழாயை மூடிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"குண்டு கொம்புல எங்க பட்டுச்சு? நான் ஒருத்திதான கண்ணத் தொறந்து பாத்துட்டு நின்னேன். அது ஆட்டுக்கு ரெண்டு ஆள் உசரம் கீழயே போயி பனியில பொதைஞ்சுது. கொம்பு அதுக்கு முன்னாடியே, கல்லுக்குப் பயந்து ஓடுறப்ப இடுக்குல மோதி உடைஞ்சுபோச்சு. அப்புறம் அந்தக் கல்லும் ஆட்டு மேல எறிஞ்சதுன்னு எழுதியிருக்கீங்களே, அதையும் அடிச்சிருங்க. நான் இவர் மேலதான் எறிஞ்சேன்."